சேதுநாட்டில் துப்பாக்கியும் தோள்வாரும்

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொள்வதற்கு ஒரு வார் உண்டு. படையினரும் காவலரும் அதனை ஆங்கிலச் சொல்லாலேயே ‘சிலிங்’ என்பர். நாம் தோள்வார் என்று கூறுவோம். அந்தத் தோள்வாரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். வாளைப் பற்றியும் வேலைப் பற்றியும் பீரங்கியைப் பற்றியும் நம் பாடநூல்கள் பேசுகின்றன. இரு விரற்கடை அகலமுள்ள தோற்பட்டையைப் பற்றி எந்தப் பாடநூலும் பேசக் கண்டிலேன். ஆதலால், இதுவும் ஒரு வரலாற்றுப் பொருளோ என்று மாணவ நேயர்கள் ஐயுறுதல் இயல்பே.

ஆயுதத்தைப் பயன்படுத்தும் நேரம் மிகச் சிறிது. அதனைச் சுமந்து திரியும் நேரமே பெரிது. போர்வீரன் ஒருவன் ஓராண்டில் சில நாழிகை சண்டையிடுகிறான். எஞ்சிய நாளெல்லாம் ஆயுதத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். அவன் அதனை எவ்வாறு தூக்கினான்? தூக்குவதற்கு உரிமை அளித்தவர் யார்? இறக்கி வைக்கச் சொன்னவர் யார்? இம்மூன்று கேள்விகளையும் கையில் பிடித்துக்கொண்டு இராமநாதபுரச் சீமையின் வரலாற்றில் நடந்து பார்ப்போம்.

நம் சீமையின் பழைய ஆயுதம் ஒன்றுக்கு வாரே கிடையாது. வளரி, வளைதடி என்னும் பெயர்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பிறை போல் வளைந்து, ஒரு முனை கனத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும் எறிபடை அது. பெரும்பாலும் மரத்தால் செய்யப்பட்டது; இரும்பிலும் தந்தத்திலும் செய்தவையும் உண்டு. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த தந்த வளரிகளும் புதுக்கோட்டையிலிருந்து வந்த மரவளரியும் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்தனவாக, அதன் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலில் குறித்துள்ளார். முயல் வேட்டைக்கும் அதுவே, போருக்கும் அதுவே. இடைக்கச்சையில் செருகிக்கொண்டால் இரு கைகளும் ஓய்வாக இருக்கும். ஏர் பிடிக்கலாம், பனை ஏறலாம், வலை இழுக்கலாம். சேதுபதி மன்னர்களின் படையில் பெரும்பகுதியினர் மாதச் சம்பளம் வாங்கியவர் அல்லர். படைப்பணிக்கு ஈடாக நிலம் பெற்று உழுதுண்டவர்களே, அழைப்பு வந்ததும் படைவீரராக எழுந்தனர். அவர்கள் கையில் வேலும் இடையில் வளரியும் இருந்தன. உழவன் வேறு, படைவீரன் வேறு என்ற பிரிவு தோன்றாத நாட்டில், ஆயுதத்தைத் தாங்குவதற்குத் தனியே ஒரு பட்டை எதற்கு?

துப்பாக்கி இக்கரைக்குக் கடல் வழியே வந்தது. மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையை இராமேசுவரம் செல்வோர் வழியில் காண்கிறோம். இன்று அமைதியான மீனவர் ஊர். 1538ஆம் ஆண்டு பிப்பிரவரியில் கள்ளிக்கோட்டை சாமூதிரியின் மரக்காயர் கப்பற்படையும் போர்ச்சுகீசியரும் அங்கே மோதினர். மரக்காயர் படை தோற்றது. அவர்களுடைய பீரங்கிகளும் கைத்துப்பாக்கிகளும் போர்ச்சுகீசியர் வசமாயின. தோற்ற பக்கத்திலும் துப்பாக்கிகள் இருந்தன என்பதைக் கவனியுங்கள். வெடியாயுதம் வெள்ளையரிடம் மட்டுமே இருந்தது என்று சிலர் எண்ணுவது பொருந்தாது. துப்பாக்கி என்னும் சொல்லே துருக்கி மொழியிலிருந்து வந்தது என்பர் மொழியறிஞர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சேதுநாட்டு அரசவைக்குள்ளும் புகுந்துவிட்டது. இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில், முத்து விசய ரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள் உள்ளன. தஞ்சை மராத்தியரோடு நடந்த போரைத் தீட்டிய பகுதியில் பீரங்கிகளையும் துப்பாக்கி ஏந்திய வீரர்களையும் காணலாம். இராமாயணக் காட்சிகளில் வில்லும் அம்பும். அதே மாளிகையின் வேறொரு சுவரில் வெடிமருந்துப் புகை! ஓவியன் தன் காலத்தை உள்ளபடி எழுதினான்.

அக்காலத் துப்பாக்கி திரித்துப்பாக்கி. நீண்ட இரும்புக் குழல், மெலிந்த மரக்கட்டை, பக்கத்தில் பாம்பு வளைவாக ஓர் இரும்புக் கொக்கி. அக்கொக்கியில் புகைந்துகொண்டிருக்கும் நூல்திரியைச் செருகி, விசையை அழுத்தினால் திரி மருந்துக் கிண்ணத்தில் விழும், குழல் வெடிக்கும். வீரன் எப்பொழுதும் கனலும் திரியையும் மருந்துக் கொம்பையும் குண்டுப் பையையும் உடன்கொண்டு நடக்க வேண்டும். மழை பெய்தால் திரி அணையும். காற்று அடித்தால் கிண்ணத்து மருந்து பறக்கும். நம் கடற்கரைக் காற்று எத்தகையது என்பதை நான் கூற வேண்டுவதில்லை. ஆகவே சேதுநாட்டு வீரன் துப்பாக்கி வந்த பின்பும் வளரியைக் கைவிடவில்லை. அவனை அறிவிலி என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியத் திரித்துப்பாக்கிகள் பலவற்றின் அடிக்கட்டையில் சிறு வளையங்கள் காணப்படுகின்றன. அவை வார் கோப்பதற்கு உரியவை. நெடும்பயணத்தில் முதுகில் தொங்கவிடவும் சண்டையின்போது கையில் எடுக்கவும் அவ்வார் உதவியது.

கும்பினியார் இங்கே கொணர்ந்தது சக்கிமுக்கிக் கல்லால் நெருப்புண்டாக்கும் துப்பாக்கி. 39 அங்குலக் குழலும் ஏறத்தாழ 4½ கிலோ எடையும் உடையது. குழலின் முனையில் ஈட்டியையும் பொருத்தலாம். அதன் வாருக்கு இரண்டு வளையங்கள்: ஒன்று விசைக்காப்புக்கு முன்னே, மற்றொன்று முன்கட்டையின் நடுவே. சிவப்புச் சட்டை, மார்பில் குறுக்காக இரண்டு வெள்ளைத் தோற்பட்டைகள், தோளில் துப்பாக்கி வார் என்று கும்பினிச் சிப்பாயின் உடம்பில் தோலுக்குக் குறைவில்லை. அத்தனை தோலும் கும்பினியின் சொத்து. சம்பளம் பெறும்வரை அவன் தோளில் இருக்கும். சம்பளம் நின்றால் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். வளரியைத் தானே செதுக்கிக் கச்சையில் செருகிய உழவனுக்கும் இவனுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த வார் ஒன்றே காட்டிவிடும்.

அச்சிப்பாய்களின் தலைவராக உயர்ந்தவர் ஒருவர் நம் சீமையிலேயே பிறந்தவர் என்பர். கான் சாகிப் எனப் பெயர்பெற்ற யூசுப் கான், இராமநாதபுரச் சீமைப் பனையூரில் தோன்றி, கும்பினிப் படையில் புகழ் அடைந்து, மதுரையின் ஆட்சியாளராகவும் ஆனார். ஆர்க்காட்டு நவாபுக்கும் கும்பினிக்கும் பணிய மறுத்துப் போரிட்டார். 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். கும்பினி கொடுத்த துப்பாக்கியைக் கும்பினிக்கு எதிராகவும் திருப்பலாம் என்று அவர் காட்டிய பாடத்தை ஆங்கிலேயர் மறக்கவில்லை.

தோல் என்றதும் இடையே ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1806 சூலை 10ஆம் நாள் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய தலைப்பாகையில் தோலால் ஆன சின்னம் சேர்க்கப்பட்டது அதற்குரிய காரணங்களுள் ஒன்று. தோளிலும் மார்பிலும் தோலைத் தாங்கியவர்கள் தலையில் தாங்க மறுத்தனர். பட்டை சிறிதாயினும் அது உடம்பில் எங்கே கிடக்கிறது என்பது சிறிய செய்தி அன்று.

இனி 1801ஆம் ஆண்டுக்கு வருவோம். இராமநாதபுரத்திலிருந்து 1730ஐ ஒட்டிப் பிரிந்த சிவகங்கைச் சீமையில் அப்பொழுது மருது சகோதரர்கள் அதிகாரம் செலுத்தினர். இராமநாதபுரத்திலோ 1795ஆம் ஆண்டிலேயே முத்துராமலிங்க சேதுபதி பதவியிலிருந்து நீக்கப்பட்டுச் சிறைப்பட்டிருந்தார். அரசர் சிறையில், குடிகளிடம் வேலும் வளரியும் இன்னும் இருந்தன. 1799இல் மயிலப்பன் என்னும் வீரர் தலைமையில் மக்கள் எழுந்து, முதுகுளத்தூர், அபிராமம் முதலிய இடங்களில் இருந்த கும்பினிக் கச்சேரிகளைத் தாக்கி ஆயுதங்களைக் கைப்பற்றினர். துப்பாக்கியின் அருமை தெரிந்தே அவர்கள் அதனைத் தேடிச் சென்றனர் என்பது என் கருத்து.

இங்கே ஓர் ஆங்கில அதிகாரியின் பெயரைக் கூற வேண்டும். ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் அவர் 1795ஐ ஒட்டி மதுரையில் இளம் அதிகாரியாக இருந்தபொழுது சின்ன மருதுவோடு நட்புக் கொண்டார். வேல் எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலில் கற்பித்தவர் சின்ன மருதுவே என்றும், தேர்ந்த கையால் வீசப்படும் வளரி 100 கசத் தொலைவுக்குள் குறி தவறாது என்றும் 1830இல் வெளியிட்ட தம் படை நினைவு நூலில் அவரே எழுதியுள்ளார். ஆறாண்டுகள் கழிந்தன. அதே வெல்ஷ், கும்பினிப் படையோடு சிவகங்கைக் காடுகளுக்குள் வந்தார். தமக்கு ஆசிரியராயிருந்தவர் விலங்கைப் போல் வேட்டையாடப்பட்டதையும், தொடை எலும்பு முறிந்து பிடிபட்டதையும், தூக்கிலிடப்பட்டதையும் அவர் வருத்தத்தோடு பதிவு செய்தார். நாற்பதாண்டுக்கு அண்மையான என் ஆசிரியப் பணியில் இப்பகுதியை வகுப்பில் கூறும்பொழுதெல்லாம் மாணவர்கள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

1801 சூன் 16ஆம் நாள் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயிலிலும் ஒட்டப்பட்டது. அது சம்புத் தீபத்தின் மக்கள் எல்லோரையும் ஆங்கிலேயருக்கு எதிராக அழைத்தது. அக்டோபர் 24ஆம் நாள் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்டோர் 1802 பிப்பிரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டனர். மயிலப்பனும் 1802இல் தூக்கிலிடப்பட்டார்.

இந்தத் தண்டனைகளைப் பாடநூல்கள் கூறுகின்றன. இவற்றினும் நெடுநாள் நீடித்த வேறொன்றைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் பிரபு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரரும் சேர்வைகாரரும் தென்சீமைக் குடிகள் யாவரும் ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும், இனி ஆயுதம் வைத்திருப்பதும் தாங்குவதும் மரண தண்டனைக்குரிய குற்றம், கோட்டைகள் இடிக்கப்படும். இவற்றுக்கு ஈடாக, பாளையக்காரர் படைப்பணி செய்ய வேண்டுவதில்லை. நிலையான வரி செலுத்தி ஜமீன்தார்களாக வாழலாம். இதனை முன்பே 1799இல், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பின், திருநெல்வேலிப் பாளையங்களில் செய்து பார்த்திருந்தனர். 1803இல் இராமநாதபுரம் நிலையான வரித்திட்டத்தின் கீழ் ஜமீனாயிற்று. மங்களேசுவரி நாச்சியார் அதன் ஜமீன்தாரிணி ஆனார். சிறையிலிருந்த சேதுபதி சென்னையிலேயே 1809இல் உயிர் நீத்தார்.

அறிவிப்பின் விளைவை எண்ணிப் பாருங்கள். படைப்பணிக்கு ஈடாக நிலம் பெற்றவனிடமிருந்து படைப்பணி போயிற்று. அவன் கச்சையிலிருந்த வளரி குற்றப்பொருளாயிற்று. ஊர்க்காவல் செய்து காவற்கூலி பெற்றவனின் வேலும் போயிற்று. காவற்கூலியும் நாளடைவில் போயிற்று. பிற்காலத்தில் இச்சீமைக் குடிமக்களுள் ஒரு பகுதியினரைக் குற்றப் பரம்பரையினர் என்று பட்டியலிட்டுக் கைரேகை பதிந்த அரசு, அவர்கள் பாட்டன்மார் செய்த தொழிலைத் தானே பறித்ததை நினைக்கவில்லை. அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்டது. ஆயுதம் இல்லாத நாடு அமைதியான நாடு என்று சிலர் வாதிப்பர். பாளையங்களுக்குள் இருந்த ஓயாத சண்டைகள் குறைந்தன என்பது மெய்யே. ஆயினும் அந்த அமைதியைக் குடிகள் கூடித் தேர்ந்துகொள்ளவில்லை. தூக்குமரத்தைக் காட்டி வாங்கினார்கள். அதனால் அதனை நான் புகழ மாட்டேன்.

1878ஆம் ஆண்டில் லிட்டன் பிரபு காலத்தில் இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் உரிமம் பெற்றே துப்பாக்கி வைத்திருக்கலாம், ஐரோப்பியருக்கோ விதிவிலக்கு. நிறத்தைப் பார்த்துத் தோளை அளந்த இந்த விதி 1920இல்தான் மாற்றப்பட்டது. 1931இல் காங்கிரசின் கராச்சித் தீர்மானம், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக எழுதியது. அறப்போர் நடத்திய இயக்கம் இதனை எழுதிற்றே என்று நீங்கள் வியக்கலாம். ஆயுதத்தின்மீது கொண்ட ஆசையால் அன்று, பறிக்கப்பட்ட மானத்தின் நினைவாலேயே எழுதிற்று என்று கொள்கிறேன்.

தடை குடிகளுக்கு, ஜமீன்களுக்கும் வெள்ளை அதிகாரிகளுக்கும் வேட்டைத் துப்பாக்கிகள் வரத் தொடங்கின. பெரும்பாலும் 12ஆம் எண் இரட்டைக்குழல். ஒரே குண்டுக்குப் பதிலாகத் தோட்டாவினுள் ரவைகள் நிறைந்திருக்கும். இங்கே ஒரு விந்தை. இங்கிலாந்தில் செய்யப்பட்ட உயர்தர வேட்டைத் துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் வார் மாட்டும் வளையமே இராது. செருமனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் செய்தவற்றில் வளையம் உண்டு. காரணம் யாது? செருமானிய வேட்டைக்காரன் மலையிலும் காட்டிலும் தானே துப்பாக்கியைச் சுமந்து நடந்தான். ஆங்கிலக் கனவான் சுமப்பதற்கு ஓர் ஆளை வைத்திருந்தான். மருந்து நிரப்புவதற்கும் ஓர் ஆள். ஆளின் தோள் இருக்கும்பொழுது வார் எதற்கு? வளரிக்கு வார் இல்லாததற்கும் இதற்கு வார் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டைச் சிந்தியுங்கள். நம் நாட்டுக்கு வந்தவற்றில் ஆங்கிலத் துப்பாக்கிகளே மிகுதி. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டு, 1949இல் இராமநாதபுரம் ஜமீனை அரசு ஏற்றது. இத்தகைய பழைய துப்பாக்கிகளை நாளடைவில் சுமப்பதற்கு ஆளில்லாதவர்கள் வாங்கினர். வளையம் இல்லாத துப்பாக்கிக்கு வளையம் பொருத்தும் வேலை அப்பொழுதே பிறந்தது.

அவ்வேலையைச் சற்று விரிவாகவே கூறுகிறேன். இதில் உங்கள் இயற்பியல் பாடமும் அடங்கியிருக்கிறது. இரட்டைக்குழல் துப்பாக்கியின் எடை 3 கிலோவை ஒட்டியோ சற்று மிகுந்தோ இருக்கும். அதனை ஒரு விரலின்மேல் கிடையாக வைத்தால், குழலும் கட்டையும் சேரும் இடத்துக்கு அருகே சமன்படும். அதுவே புவியீர்ப்பு மையம். தோளில் தொங்கும்பொழுது முன்வளையம் அம்மையத்துக்கு மிக அருகில் இருந்தால் குழல் தலைக்குமேல் உயர்ந்து நின்று, குனிந்தவுடன் முன்னே சாயும், மரக்கிளையிலும் மாட்டும். ஆகவே முன்வளையம் மையத்திலிருந்து விலகிக் குழலின்மீது இருத்தல் வேண்டும். முன்கட்டையிலேயே வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். சுடும்பொழுது இடக்கை பிடிக்கும் இடம் அது; வெடி அதிர்ச்சியில் துப்பாக்கி பின்னே உதைக்க, வளையம் விரலைக் கிழித்துவிடும். கை எட்டும் இடத்துக்கு அப்பால் அதனை வைப்பது இதனாலேயே. பின்வளையம் அடிக்கட்டையின் கீழ்விளிம்பில், முனையிலிருந்து இரண்டரை மூன்று அங்குலம் தள்ளி அமையும்.

பின்வளையத்துக்குத் திருகாணி போதும். முதலில் திருகாணியைவிட மெல்லிய துளை இட வேண்டும்; துளையின்றி முறுக்கினால் வாதுமை மரக்கட்டை நீளவாக்கில் பிளக்கும். முன்வளையமோ எளிதன்று. இரு குழல்களையும் இணைக்கும் பட்டி பெரும்பாலும் ஈயப்பற்றினால் ஒட்டப்பட்டது. வளையத்தைப் பற்றவைக்க மிகுதியாகச் சூடு காட்டினால் பட்டியே கழன்று குழல்கள் பிரியும். துளையிடுவதோ நினைக்கவும் தகாது. உரிமம் பெற்ற துப்பாக்கி வேலைக்காரரைத் தவிரப் பிறர் தொடக்கூடாத வேலை இது. இவ்வளவு தொல்லை வேண்டாதவர்க்கு மற்றொரு வழி உண்டு. இரு முனையிலும் தோல் கண்ணி அமைந்த வார் ஒன்றை வாங்கி, ஒரு கண்ணியைக் குழலிலும் மற்றொன்றை அடிக்கட்டையின் கழுத்திலோ முனையிலோ இறுக்கிக் கட்டிவிடலாம். பழைய துப்பாக்கியின் உடம்பில் புண் உண்டாகாது. விலையுயர்ந்த பழம்பொருளாயின் இம்முறையே நன்று என்பேன்.

வாரைத் தேர்ந்தெடுப்பதில் அகலமே முதன்மை. எடை ஒன்றே, அது பரவும் பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும். கால் அங்குலக் கயிறு 3 கிலோவைத் தாங்கிவிடும், அறாது, தோள்தான் தாங்காது. ஓர் அங்குலத்துக்குக் குறையாமலும் தோள்படும் இடத்தில் அதற்கு மேலும் இருப்பது நலம். உட்புறம் சொரசொரப்பாக இருந்தால் வழுக்காது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக் கொக்கி வேண்டும். நான் பணியாற்றிய பள்ளியில் தேசிய மாணவர் படைப் பயிற்சி முடிந்து வரும் புதிய மாணவர்கள் தோளைத் தேய்த்துக்கொண்டே வகுப்பில் அமர்வார்கள். மிடுக்காகத் தோன்றும் என்றெண்ணி வாரை மிகச் சுருக்கிக் கட்டியிருப்பார்கள். கை தாராளமாக நுழையும் அளவுக்குத் தளர்த்தியவுடன் வலி நீங்கிவிடும்.

பருத்தி நாடா, தோல், இக்காலத்துச் செயற்கை இழை ஆகிய மூன்றிலும் வார் கிடைக்கிறது. தோல் என்றால் நம் ஊர்ப் புதரை மறக்கலாகாது. இராமநாதபுரத்துப் பொட்டல்களில் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரையின் பட்டையே தென்னாட்டுத் தோல் பதனிடும் தொழிலுக்கு நெடுங்காலம் அடிப்படையாயிருந்தது. ஆவாரம்பட்டையால் பாதி பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றது. முதல் உலகப் போரில் படைவீரர் காலணிகளுக்கு அது பெரிதும் பயன்பட்டது.

ஆயினும் நம் கரையில் தோலுக்கு ஒரு பகை உண்டு; அது உப்பங்காற்று. மண்டபம், பாம்பன், இராமேசுவரம் ஆகிய ஊர்களில் வீட்டுச் சன்னல் கம்பி எத்தனை ஆண்டில் அரித்துப்போகிறது என்பது அங்கே வாழ்வோர்க்குத் தெரியும். தோல் உப்பீரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வாரைக் குழலின்மீது சுற்றி மூலையில் சாத்திவைத்தால், சில வாரத்தில் வார் கிடந்த இடமெல்லாம் குழலில் துருக்கோடு எழும். பித்தளைக் கொக்கி தோலோடு சேர்ந்து பச்சைக் களிம்பு கக்கும். எனவே இக்கரையில் வாரைக் கழற்றி வைப்பதே முறை. கழற்றக்கூடிய கொக்கியுள்ள வாரே இங்கே ஏற்றது. இன்று சீமைக்கருவேல் முட்புதர் கண்மாய்க் கரைகளை மூடியிருப்பதால், முள்ளில் சிக்காதபடி உடனே கழற்றும் வசதியும் வேண்டியதாகிறது. தோளில் தொங்கும் துப்பாக்கியில் தோட்டா இருத்தல் கூடாது என்னும் விதி எந்தக் கரைக்கும் பொதுவானது.

அக்கண்மாய்களில் ஐப்பசி மழையோடு கிளுவையும் ஊசிவால் வாத்தும் உள்ளானும் வந்திறங்கும். ஒரு காலத்தில் அவற்றைச் சுடுவதற்கே துப்பாக்கிகள் அங்கே சென்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் வேட்டைக்கு வாயில் அடைபட்டது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989இல் பறவைகள் சரணாலயங்களாயின. 2022இல் உலகச் சிறப்புள்ள ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

விடுதலை பெற்ற இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள வழவழப்புக் குழல் துப்பாக்கி, பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஆகியவற்றுக்கு அச்சட்டம் தனி இடம் தந்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இச்சட்டமும் ஆயுதத்தைக் கட்டுப்படுத்துவதே. ஆயினும் இதனை இயற்றியது நாம் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம். ஆளுக்கொரு நிறத்துக்கு ஒரு விதி இதில் இல்லை. 1801ஆம் ஆண்டு அறிவிப்பையும் இதனையும் ஒரே தட்டில் வைத்து எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன்.

தோளில் வாரோடு வேட்டைத் துப்பாக்கியை இன்று நீங்கள் காணக்கூடிய இடம் வங்கி வாயில். அங்கே நிற்கும் காவலர் பலர் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இனி ஒரு முறை அவரைக் கடந்து செல்லும்பொழுது வாரின் முன்முனை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று தொலைவிலிருந்து பாருங்கள். அவ்வாறே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ வேறு ஆயுதக் காட்சிக் கூடத்துக்கோ செல்வீர்களாயின், துப்பாக்கிக் குழலின் பூவேலையில் மயங்கி நின்றுவிடாமல் சற்றுக் குனிந்து கட்டையின் அடிப்புறத்தை நோக்குங்கள். வளையம் தேய்ந்திருந்தால் நடந்தே தேய்த்த ஒருவன் அதன் பின்னே இருந்திருக்கிறான். வளையம் புத்தம் புதிதாக மின்னினால் அது அரண்மனைச் சுவரில் தொங்கிய துப்பாக்கியாக இருக்கலாம். வளையமே இல்லையென்றால், அதனைச் சுமந்த பணியாளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது.